ஞானஸ்நானத்தன்று ஒரு செத்தவீடு

கண்டாவளைப் பக்கம் போகிற தெருவில் எங்கள் சந்தியைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை வரும். அதன் முகப்பில் "நிலையான சந்தோஷம் உங்களுக்கு உண்டு, உள்ளே வாருங்கள்" என்று நீலப் பெயின்றில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையை முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கே வாய்க்காலில் தண்ணீர் நிலையாக வருவதில்லை. கரண்ட் நிலையாக இருப்பதில்லை. பஸ் வருமா வராதா என்று சந்தியில் நிற்கிற ஒருவருக்கும் தெரியாது. சந்தோஷம் மட்டும் நிலையாக வந்துவிடுமாம். நல்ல கதைதான் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டேன்.

நான் இடியப்பம் அவித்து விற்கிறவள். விடிவதற்குள் அவித்து அடுக்கி, சந்திக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தக் கொட்டகையில் இருந்தது ஒரு சின்னச் சபை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். அதற்கு இடியப்பம் வேண்டுமென்று பாஸ்டரின் மனைவி என்னிடம் சொல்லிவைத்தார். அப்படித்தான் என் சைக்கிள் அந்த வாசலுக்குப் போனது. கர்த்தர்தான் என்னை அழைத்தார் என்று பாஸ்டர் பின்னாளில் மைக்கில் சொன்னார். என்னை அழைத்தது இடியப்பம். அதைச் சொன்னால் கர்த்தர் ஒன்றும் கோபிக்கமாட்டார்.

என் கணவரைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் போக முடியாது. எங்களுக்குச் சண்டைக் காலத்தில்தான் கலியாணம் நடந்தது. பிள்ளை குட்டி இல்லை. சண்டையின் கடைசியில் சனமெல்லாம் வெளியே வந்தபோது அவரும் எங்களோடு நடந்துதான் வந்தார். வட்டுவாகல் பாலத்தைத் தாண்டியதும் ஆமிக்காரர் ஆண்களை வேறாக நிற்கச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவர்களுடைய பஸ்ஸில் ஏறும்போது அவர் திரும்பிப் பார்த்து, "அம்மாவைப் பாத்துக்கொள், நான் பின்னால வாறன்" என்றார். அம்மாவை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர்தான் இன்னும் வரவில்லை.

அம்மா என்றால் அவரைப் பெற்றவர், என் மாமி. அன்றிலிருந்து நானும் மாமியும்தான் ஒரு வீட்டில். ஒவ்வொரு வருடமும் ஒரு கதை வரும். தெற்கில் ஒரு முகாமில் அவரைப் போல ஒருவரைக் கண்டார்களாம். மல்லாவியில் ஒரு சாத்திரி சொன்னாராம், ஆள் மேற்குத் திசையில் தண்ணீருக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாரென்று. யார் கண்டது, யார் சொன்னது என்று தேடிப் போனால் எல்லாம் யாரோ யாருக்கோ சொன்னதாகவே இருக்கும். ஆனாலும் மாமி ஒவ்வொரு கதைக்கும் கோயிலில் ஒரு தேங்காய் உடைப்பார்.

என் தாலிக்கொடி, நாங்கள் அகதி முகாமுக்கு வர முன்னரே அரிசிக்கு விலைபோய்விட்டது. மிஞ்சியது என் நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டு மட்டும். அதை நான் ஒழுங்காக வைக்கிறேனா என்று மாமி காலையில் பார்ப்பார். காய்ச்சலில் படுத்திருந்தாலும் விடமாட்டார். பொட்டு இருக்கும்வரை மகன் இருக்கிறான், அவருடைய கணக்கு அவ்வளவுதான். நான் ஒரு நாள் எரிச்சலில், "என்ர நெத்தியில உங்கட மகனைக் கட்டித் தொங்க விட்டிருக்கிறியள் மாமி" என்றேன். அவர் குங்குமப் பெட்டியை என் பக்கம் தள்ளி வைத்தார்.

ஊருக்கு அந்தப் பொட்டைக் கண்டால் ஒரு சங்கடம். கலியாண வீட்டுக்குப் போனால் ஆலாத்தி எடுக்க என்னைக் கூப்பிடமாட்டார்கள். போ என்று சொல்லவும் அவர்களுக்கு வாய் வராது. "பிள்ளை, குசினியில வெங்காயம் உரிக்க ஆள் காணாது" என்பார்கள். வன்னியில் நான் உரிக்காத கலியாண வெங்காயம் இல்லை. கண் எரிந்தால் அதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சபையில் முதலில் எனக்குப் பிடித்தது கர்த்தர் இல்லை, நெற்றிகள். பாஸ்டரின் மனைவி, "வெளியில நிக்காமல் உள்ளுக்க வந்து இருங்கோ அக்கா" என்று கூப்பிட, இடியப்பம் அடுக்கிய அலுமினியப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். முன்னால் ஐம்பது பெண்கள் இருப்பார்கள். ஒருத்தியின் நெற்றியிலும் பொட்டு இல்லை. புருசன் உள்ளவளும் வெறும் நெற்றி, இல்லாதவளும் வெறும் நெற்றி. யார் யாரென்று பார்த்தால் தெரியாது. அங்கே குங்குமத்தோடு இருந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் ஒருவரும் என்னைக் குசினிக்கு அனுப்பவில்லை.

பொய் சொல்லக்கூடாது, அங்கே எனக்கு ஏதோ நடந்ததுதான். அவர்கள் ஜெபம் பண்ணுகிற முறை வேறு. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நேரத்தில் சத்தமாகத் தங்கள் தங்கள் பாட்டைச் சொல்லுவார்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் கேட்காது. நான் அந்த நேரத்தில் கர்த்தரோடு நன்றாகச் சண்டை பிடிப்பேன். "நீர் இருக்கிறீரோ இல்லையோ? இருந்தால் அந்தப் பாலத்தடியில் எங்கே நின்றீர்?" என்று தொண்டை கட்டுமட்டும் கேட்பேன். கோயிலில் இப்படிக் கத்தினால் பிடித்து வெளியே விட்டிருப்பார்கள். இங்கே ஸ்தோத்திரம் என்றார்கள். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. இத்தனை வருடத்தில் இடையில் மறித்து ஆறுதல் சொல்லாமல் என் கதையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்த விசுவாசம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

எனக்குச் சரிவராதது சந்தோஷம். "எப்பிடி அக்கா, சந்தோஷமா இருக்கிறியளோ?" என்று வாசலிலேயே கேட்பார்கள். இல்லை என்று சொல்ல வழியே கிடையாது. பாட்டு ஒன்று இருக்கும், அது மெதுவாகப் போகும், அதற்கு அழலாம். அது முடிந்ததும் கீபோர்டில் வேறு பாட்டு வேகமாகத் தொடங்கும், அதற்குக் கை தட்ட வேண்டும். பாட்டு மாறிய பிறகும் அழுதுகொண்டிருந்தால் இரண்டு பேர் வந்து தலையில் கை வைத்து, துக்கத்தின் ஆவியைக் கட்டுகிறோம் என்பார்கள். எங்களுக்கு இருந்த துக்கத்துக்கு ஆவி வேண்டுமா? எனக்கு முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் இருந்தாள். அவளும் தட்டினாள்.

பாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பொடியன், என்னைவிட இளையவர், நல்ல மனம். எங்களுக்குச் சந்தோஷம் கொடுத்தே தீருவது என்று நின்றார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஞானஸ்நானம் எடுக்கச் சொன்னார்.

"பழசு எல்லாத்தையும் தண்ணிக்குள்ள விட்டிட்டு வாறதுதான் அக்கா ஞானஸ்நானம். பொட்டோட இறங்கேலாது."

"மற்றாக்களுக்கு உது பொட்டு, பாஸ்டர். எனக்கு உது மனுசன்."

"அவரைக் கர்த்தரிட்ட ஒப்படைச்சிடுங்கோ. அப்பத்தான் நிலையான சந்தோஷம் வரும்."

ஒப்படைப்பது. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. நான் ஏற்கெனவே ஒரு தடவை ஒப்படைத்தவள். பத்திரமாகத் திருப்பித் தருகிறோம் என்று சொன்னவர்களிடம், என் கையாலேயே சாப்பாட்டுப் பையும் கொடுத்து. அதைப் பாஸ்டருக்குச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கினாலும் பொட்டு விஷயத்தில் இறங்கி வரவில்லை.

வீட்டில் மாமிக்குச் சொன்னேன். ஒளித்துச் செய்கிற புத்தி என்னிடம் இல்லை. அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்.

"சபைக்குப் போறாய், போ. ஞாயிறு ஞாயிறு போய்க் கத்திப்போட்டு வா. நான் ஏதும் கேட்டனானோ? பொட்டை அழிக்கிறதெண்டா, என்ர பிள்ளையை நீயே சாகடிச்சுப்போட்டு வாறமாதிரி. அவன் வந்து வாசல் படலையில நிண்டு உன்ர நெத்தியைப் பாத்தா என்ன நினைப்பான்?"

"வரட்டும் மாமி. வந்தாப் பிறகு நினைக்கட்டும்."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் மனம் கேட்கவில்லை. ஆனால் எனக்குக் களைத்துவிட்டது. காத்திருப்பதும் ஒரு வேலைதான், அதற்கு லீவு கிடையாது. அந்தத் தண்ணீருக்குள் தாழ்ந்து எழும்பினால் ஒரு நாளாவது மனம் ஓய்ந்திருக்குமென்றால், அது போதும் என்று இருந்தது. கர்த்தரைக் கேட்டேன். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

ஞானஸ்நானத்தன்று எங்களைக் குளத்துக்கு உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாஸ்டரின் மனைவி ஈரத் துவாயால் என் நெற்றியைத் துடைத்தார். மெதுவாகத்தான் துடைத்தார், பாவம். பாஸ்டர் என்னைத் தண்ணீருக்குள் தாழ்த்தி எடுத்தார். கரையில் நின்றவர்கள் அல்லேலூயா என்று கத்தினார்கள். நான் சந்தோஷம் வரும் வரும் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். காதுக்குள் தண்ணீர்தான் வந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குப் புது வெள்ளை உடுப்புக் கொடுப்பார்கள், அன்று பொழுதுபடும்வரை அதோடுதான் இருக்க வேண்டும். புது மனுசி ஆகிவிட்டாள் என்பதற்கு அடையாளம். எனக்கு வெள்ளைச் சேலை தந்தார்கள். ஈரத்தலையோடு, வெறும் நெற்றியோடு, வெள்ளைச் சேலையோடு சந்தியில் ஓட்டோவால் இறங்கினேன். சபைக்காரருக்கு நான் கர்த்தருக்குள் புதிதாகப் பிறந்தவள். எங்கள் சனத்தின் கண்ணுக்கு அது என்ன கோலம் என்று சொல்லத் தேவையில்லை. சந்திக் கடையில் எங்கள் முன் வளவில் குடியிருக்கிற அக்கா சாமான் வாங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையை வாயில் வைத்தவர், ஒன்றும் கேட்காமல் திரும்பி ஒழுங்கைக்குள் ஓடினார். பொட்டில்லாமல் பார்த்த அதிர்ச்சி, ஊருக்கு வம்பு சொல்ல ஓடுகிறார் என்று நினைத்தேன்.

மாமியின் முகத்தை உடனே பார்க்க எனக்குத் தெம்பில்லை. வாய்க்கால் ஓரத்தில் மருத மரத்தின் கீழ் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு எழும்பி நடந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. எங்கள் வளவுக்குள் இருந்துதான்.

மாமிக்கு ஏதோ நடந்துவிட்டது என்று ஓடினேன். முற்றம் முழுக்கப் பெண்கள். மாமி உயிரோடுதான் இருந்தார். மண்ணில் இருந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியேடா, உன்ர முகத்தையும் காட்டாமல் போட்டியே" என்று கதறிக்கொண்டிருந்தார். ராசா என்று அவர் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். எனக்கு விளங்கிவிட்டது. நான் குளத்தில் நின்ற நேரம் பார்த்துச் செய்தி வந்திருக்கிறது. இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்த பொட்டை நான் அழித்த அதே நாளில்.

முற்றத்து மண்ணில் விழுந்தேன். முன் வளவு அக்கா வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். நான் அழுத அழுகை அதற்கு முதலும் அழுததில்லை, பிறகும் அழுததில்லை. மாமி தவழ்ந்து வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் தலையோடு தலை முட்டி அழுதோம். என் கணவரின் பெயரைச் சொல்லி, அவருக்குப் பிடித்த கறியைச் சொல்லி, அவர் மரத்தால் விழுந்ததைச் சொல்லி, பஸ்ஸில் ஏறினதைச் சொல்லி அழுதோம். இதுவரை அவரைப் பற்றி நாங்கள் இறந்த காலத்தில் கதைத்ததே இல்லை. அன்றுதான் இருந்தார், சொன்னார், சாப்பிட்டார் என்று வாய் நிறையச் சொன்னோம். சுற்றி நின்ற பெண்கள் தங்கள் தங்கள் ஆட்களையும் சேர்த்து அழுதார்கள். ஒருவரும் பாட்டை மாற்றவில்லை.

அக்காவின் புருசன் படலைக்குள்ளால் வந்தார். செத்தவீட்டு வேலைகளை எடுத்துச் செய்கிற ஆள்.

"எங்கயாம் நடந்தது? எப்பவாம்? பிரேதம் தருவினமாமோ?" என்று கேட்டார்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"என்னைக் கேட்டா? இவளெல்லோ செய்தியோட வந்தது. வெள்ளைச் சேலையோட, தலை முழுகி…"

"நான் ஞானஸ்நானம் எடுத்திட்டு வாறன் அக்கா," என்றேன். "செய்தி உங்களுக்கெல்லோ வந்தது எண்டு நினைச்சன்."

"அப்ப மாமிக்கு ஆர் சொன்னது?" என்றார் அக்கா.

"நீங்கள் எல்லாரும் குழறி அழுதுகொண்டு வந்தியள்," என்றார் மாமி. "நான் வேற என்னத்தை நினைக்கிறது?"

ஒருத்தி செத்தவீட்டுக்கென்று சீனியும் தேயிலையும் கொண்டுவந்திருந்தாள். திருப்பிக் கொண்டுபோவதா, வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாள். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் சிரித்தேன். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"உனக்கு விசரே? சபைக்குப் போறதெண்டாப் போ, மதம் மாறு, என்னவும் செய். ஊரைக் கூட்டி அழ வைச்சிட்டுச் சிரிக்கிறாய்! இருக்கிறவனைச் சாகடிச்சுப் போட்டாயேடி பாவி!"

இருக்கிறவனை. கொஞ்ச நேரத்துக்கு முன் செத்தவர் மறுபடி இருக்கிறவர் ஆகிவிட்டார். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நாங்கள் மட்டும் மண்ணில் இருந்தோம். வேறு யாருக்காவது இது நடந்தால் செத்தவர் பிழைத்தார் என்று துள்ளிக் குதித்திருப்பார்கள். எனக்கு யாரோ இறக்கிவைத்த மூட்டையைத் திரும்பத் தூக்கித் தலையில் வைத்ததுபோல இருந்தது. அதை வெளியே சொல்ல எனக்கு வெட்கம்.

பொழுதுபட மாமி எழும்பி உள்ளே போய்க் குங்குமப் பெட்டியோடு வந்தார். இனிச் சண்டைதான் என்று நான் ஆயத்தமாக இருந்தேன். வைக்கமாட்டேன் என்று சொல்வதா, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெட்டியைத் திறந்து விரலில் குங்குமத்தைத் தொட்டார். விரலை என் நெற்றிவரை கொண்டுவந்தார். அப்படியே நின்றார். பிறகு அந்த விரலைத் தன் சேலையில் துடைத்துவிட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"அழுதது நல்லா இருந்தது பிள்ளை," என்றார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"செத்துப்போனான் எண்டு நான் சொல்லேல்ல. சொல்லவும் மாட்டன். ஆனா நல்லா இருந்தது."

"எனக்கும் அப்பிடித்தான் மாமி," என்றேன்.

பாஸ்டர் வாக்குத் தந்த சமாதானம் ஒன்று எனக்கு அன்றைக்குக் கிடைத்ததென்றால் அது குளத்தில் இல்லை. அந்தப் பிழையான செத்தவீட்டில்தான். அன்று மாமி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதன் பிறகு குங்குமப் பெட்டியை எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் இடியப்பப் பேசினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருக்க, மாமி வாசலில் வந்து நின்றார்.

"உங்கட சபையில அழ விடுவினமோ?"

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஓம் என்றால் பொய். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. "கேட்டுப் பாக்கிறன் மாமி" என்றேன்.

ஞானஸ்நானம் எடுத்தவர்கள் அன்று சாட்சி சொல்ல வேண்டும். என்னென்ன சந்தோஷம் கிடைத்தது என்று எல்லோருக்கும் முன்னால் மைக்கில் சொல்வதுதான் சாட்சி. என் முறை வந்தது. நான் வீட்டில் நடந்ததைச் சொன்னேன், ஒன்றும் விடாமல். முடிவில், "எங்கட மாமி கேட்டவா, இஞ்ச அழ விடுவினமோ எண்டு. நான் என்ன சொல்ல?" என்றேன்.

பாஸ்டர் அவசரமாக எழும்பி, "கர்த்தர் எங்கட கண்ணீர் எல்லாத்தையும் துடைப்பார், அல்லேலூயா!" என்று கையைத் தூக்கினார். கீபோர்ட் தொடங்கியது.

"துடைக்கிறதெண்டா முதல்ல அழ வேணுமெல்லோ பாஸ்டர்," என்றேன். மைக் என் கையில்தான் இருந்தது.

கீபோர்ட் நின்றது. முன்வரிசையில், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் கதிரையால் சரிந்து தரையில் இருந்துகொண்டு அழத் தொடங்கினாள். அவளைத் தூக்கிவிட எழும்பிய பெண், தூக்காமல் அவளுக்குப் பக்கத்தில் தானும் இருந்துவிட்டாள். பாஸ்டர் தூக்கிய கையை இறக்கினார். பிறகு கதிரையில் போய் இருந்தார். அன்று கைதட்டுப் பாட்டுப் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு மாமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருகிறார். ஞானஸ்நானம் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார். திருநீற்றோடு வந்து கடைசி வரிசையில் சுவரோடு இருப்பார். ஜெபச் சத்தம் தொடங்கியதும் தன் பாட்டில் அழுவார். பாட்டு மாறினாலும் அழுவார். யாரும் தலையில் கை வைப்பதில்லை. பாஸ்டர் மனம் மாறிவிட்டார் என்று நான் நம்பினேன்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் சபை பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் மாமியைக் கவனித்துவிட்டு, அந்த அம்மா ஏன் அழுகிறார் என்று பாஸ்டரிடம் கேட்டார். நான் பக்கத்தில் இடியப்பத் தட்டோடு நின்றேன்.

"அது ஆனந்தக் கண்ணீர்," என்றார் பாஸ்டர். "கர்த்தர் அவாவுக்கு நிலையான சந்தோஷத்தைக் குடுத்திருக்கிறார்."

வந்தவர்கள் ஸ்தோத்திரம் சொல்லி மாமியைப் படம் எடுத்தார்கள். தட்டைப் பாஸ்டரின் தலையில் கவிழ்க்க வேண்டும்போல எனக்கு வந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரைத் திட்டித் தீர்த்தேன். இனி அந்தப் பக்கம் கால் வைக்கக்கூடாது, உங்களையும் விடமாட்டேன் என்றேன். மாமி கேட்டுக்கொண்டே நடந்து வந்தார். படலையடியில்தான் வாயைத் திறந்தார்.

"என்னவெண்டாலும் சொல்லட்டும் பிள்ளை. அழ விட்டாப் போதும்."